கோரப்படாத பணம்



பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்த பெரியவர்களுக்குப் பெரட்டுக் களம் நன்றாக நினைவிருக்கும். விடியுமுன் எல்லாரும் வரிசையில் நிற்பார்கள். பெயர் கூப்பிடுவார்கள். கூப்பிட்டவுடன் குரல் கொடுத்தவருக்கு அன்றைய பேர் விழும். குரல் கொடுக்காதவருக்கு விழாது.

இன்று நான் பேசப்போவதும் ஒரு பெயர்ப் பட்டியலைப் பற்றித்தான். ஆனால் இந்தப் பட்டியலில் உள்ளவர்களை யாரும் உரக்கக் கூப்பிடுவதில்லை. ஏட்டிலே பெயர் இருக்கிறது. பெயருக்கு எதிரே பணமும் இருக்கிறது. உரியவர் தாமாகப் போய், "அது நான்தான்" என்று சொன்னால்தான் பணம் கைக்கு வரும். இதற்குக் கோரப்படாத பணம் என்று பெயர். மலாயில் 'வாங் தாக் டித்துந்துத்' என்பார்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒருவர் தோட்டத்தை விட்டுப் போய்விடுகிறார். அவருக்குச் சேரவேண்டிய கடைசி மாதச் சம்பளமோ போனஸோ அலுவலகத்திலேயே நின்றுவிடுகிறது. வேறொருவர் வங்கியில் கணக்குத் திறந்து, பல ஆண்டுகள் அந்தப் பக்கமே போகாமல் இருந்துவிடுகிறார். இன்னொருவருடைய காப்புறுதி முதிர்ந்துவிட்டது. கடிதம் போன முகவரியில் இப்போது லயமும் இல்லை, ஆளும் இல்லை. இப்படி நின்றுபோன பணத்தை முதலாளியோ வங்கியோ தமக்கென்று எடுத்துக்கொள்ள முடியாது. 1965ஆம் ஆண்டுக் கோரப்படாத பணச் சட்டத்தின்படி, குறித்த காலம் கடந்ததும் அதை அரசாங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு ஏழாண்டு என்பதே நெடுங்காலம் இருந்துவந்த கணக்கு.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பணம் மாநில அரசாங்கத்திடம் இல்லை. மத்திய அரசாங்கத்தின் தலைமைக் கணக்காளர் இலாகாவில், அதாவது 'ஜபாத்தான் அக்காவுந்தான் நெகாரா'வில், இதற்கென்றே ஒரு பதிவாளர் இருக்கிறார். அவர் பொறுப்பில்தான் பணம் இருக்கிறது. அந்த இலாகாவின் தலைமையகம் புத்ராஜெயாவில். மாநிலங்களில் கிளைகள் உண்டு. ஆகவே, மந்திரி புசார் அலுவலகத்திலும் மாவட்ட அலுவலகத்திலும் அலைந்து காலை ஓயவிடாதீர்கள். இன்னொரு நல்ல செய்தி, கோருவதற்குக் காலக்கெடு இல்லை. இருபது ஆண்டு கழித்துப் போனாலும் உரியவருடைய உரிமை போய்விடாது.

அப்படியானால், கேட்டவுடன் கொடுத்துவிடுவார்களா? அங்கேதான் நம்மவர்களுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். பாட்டி காலமாகிவிட்டார். பேரப்பிள்ளைகள் தோட்டத்து வீட்டைக் காலி செய்துகொண்டு பட்டணத்து அடுக்குமாடிக்குப் போகிறார்கள். கட்டிலுக்கு அடியிலே ஒரு தகரப்பெட்டி. அதற்குள் கரையான் அரித்த காகிதங்கள்: பழைய அடையாள அட்டையின் நகல், சம்பளச் சீட்டு, ஒரு வங்கிப் புத்தகம். "இந்தக் குப்பை எதற்கு?" என்று பேரன் அள்ளி நெருப்பிலே போடுகிறான். அவன் எரித்தது குப்பையை அல்ல. பாட்டியின் பணத்துக்கான சாட்சியை.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? அந்தக் காலத்தில் நம் பெயர்களை எழுதியவர்கள் நாமல்லர். பாட்டி கைநாட்டு வைத்தவர். அவர் வாயால் சொன்ன பெயரைக் கிராணியார் தம் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதினார். செக்ரோலில் ஒரு விதம், வங்கியில் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு ஒரு விதம். ஓரிடத்தில் ஓர் எழுத்து மிகும். ஓரிடத்தில் தகப்பன் பெயரே விடுபட்டிருக்கும். எண்ணும் அப்படித்தான். 1990ஆம் ஆண்டில்தான் பன்னிரண்டு இலக்கம் கொண்ட புதிய அடையாள அட்டை எண் வந்தது. அதற்கு முன்பு திறந்த கணக்குகள் பழைய எண்ணிலேயே கிடக்கலாம். புதிய எண்ணை மட்டும் கொடுத்துப் பார்த்துவிட்டு, "நமக்கு ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்தவர்கள் பழைய எண்ணையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இனி, செய்யவேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வீட்டிலே படிக்கிற பிள்ளையைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முதலாவது, வீட்டில் உள்ள ஒவ்வொருவருடைய பெயரையும், பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். பழைய எண் மறந்துபோயிருந்தால் தேசியப் பதிவு இலாகாவில் கேட்கலாம்.

இரண்டாவது, அந்தப் பதிவாளரின் 'இ-குமிஸ்' என்ற இணையத் தளத்தில் பெயரைப் பதிந்து பாருங்கள். கைப்பேசியிலேயே பார்க்கலாம். பிள்ளைகள் உதவுவார்கள். முடியாதவர்கள் கணக்காளர் இலாகாவின் கிளைக்கு அடையாள அட்டையோடு நேரில் போகலாம்.

மூன்றாவது, பணம் இருப்பது தெரிந்தால் மனுச் செய்யுங்கள். அடையாள அட்டை வேண்டும். பணம் போய்ச்சேர உங்கள் பெயரிலே வங்கிக் கணக்கு வேண்டும். அந்தப் பணம் உங்களுடையதுதான் என்று காட்டும் சான்று வேண்டும். பழைய வங்கிப் புத்தகமும் சம்பளச் சீட்டும் இங்கேதான் பேசும். பெயரில் எழுத்து வேறுபட்டிருந்தால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாணம் கேட்கக்கூடும். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை, உள்ளதைத்தான் சொல்லப்போகிறீர்கள்.

நான்காவது, பணத்துக்கு உரியவர் இறந்திருந்தால், மரணச் சான்றிதழ் மட்டும் போதாது. அவருடைய சொத்தை வாங்கும் அதிகாரம் இன்னாருக்கு என்று காட்டும் பத்திரமும் வேண்டும். அவர் வீடோ நிலமோ விட்டுச்சென்றிருந்தால் நில அலுவலகத்தின் சிறு சொத்துப் பகுதியில் கேளுங்கள். பணம் மட்டும் என்றால் அமானா ராயாவில் கேளுங்கள். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். அண்ணன் தம்பிகளும் அக்காள் தங்கைகளும் முதலிலேயே உட்கார்ந்து பேசி ஒத்துப்போனால் பாதி வேலை முடிந்தது. பகைத்துக்கொண்டால் பணம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

தாத்தா பாட்டியின் தபால் சேமிப்புப் புத்தகம் அகப்பட்டால் அதையும் தூக்கி எறியாதீர்கள். அந்தத் தபால் சேமிப்பு வங்கிதான் 1974ஆம் ஆண்டு டிசம்பரில் தேசிய சேமிப்பு வங்கி ஆனது. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அதன் கிளைக்கே போய் விசாரியுங்கள்.

ஊழியர் சேமநிதியைப் பற்றியும் சொல்லவேண்டும். அது வேறு வாரியம்; அங்கே உள்ள பணத்தை அங்கேதான் கேட்க வேண்டும். ஆனால் ஓர் உறுப்பினருக்கு நூறு வயது ஆகும்போது, எடுக்காமல் விட்ட பணம் கோரப்படாத பணப் பதிவாளரிடம் போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 1951இல் சேமநிதிச் சட்டம் வந்தபோது இருபத்தாறு வயது இளைஞராகப் பால்மரம் சீவியவர் 1925இல் பிறந்தவர். 2025இல் அவருக்கு நூறு. நம்முடைய முதல் தலைமுறைச் சேமநிதிக்காரர்களின் கணக்குகள் இந்த ஆண்டுகளில்தான் இடம் மாறுகின்றன. உங்கள் தாத்தாவின் பணம் முழுதும் எடுக்கப்பட்டதா என்று யாராவது கேட்டதுண்டா? இன்று வேலை செய்கிறவர்களுக்கும் ஒரு சொல்: சேமநிதியில் உங்களுக்குப்பின் பணம் யாருக்கு என்று பெயர் கொடுத்து வையுங்கள். அந்த ஒரு கையெழுத்து, உங்கள் பிள்ளைகளைப் பல படிகள் ஏறாமல் காப்பாற்றும்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. "உங்கள் பெயரில் ஐம்பதாயிரம் வெள்ளி இருக்கிறது, ஐந்நூறு கட்டினால் எடுத்துத் தருகிறேன்" என்று தொலைபேசியில் ஒருவன் தேனொழுகப் பேசுவான். நம்பாதீர்கள். பணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கும், கோருவதற்கும் இலாகா கட்டணம் வாங்குவதில்லை. அடையாள அட்டையின் படத்தையும் வங்கிக் கணக்கின் இரகசிய எண்ணையும் எவருக்கும் அனுப்பாதீர்கள்.

எல்லார் பெயரிலும் பணம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. பலருக்கு ஒன்றும் இருக்காது. சிலருக்கு நாற்பது, ஐம்பது வெள்ளிதான் இருக்கும். ஆனால் அந்த ஐம்பது வெள்ளி யாரும் போட்ட பிச்சை அல்ல. பனியிலும் கொசுக்கடியிலும் மரம் சீவி, பால் வாளி சுமந்து ஒரு மனிதர் ஈட்டிய கூலி. அவர் வாங்காமல் போய்விட்டார். வாங்கிவைப்பது பிள்ளைகளின் கடமை.

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இந்த வாரக் கடைசியில் அந்தத் தகரப்பெட்டியை இறக்குங்கள். காகிதங்களைக் காயவைத்துப் பிரித்துப் பாருங்கள். பெயர் எழுதிய தாளோடு போய்க் குரல் கொடுங்கள்.