கஞ்சியும் சர்க்கரையும் கலந்த சுவர்

சீனாவின் ஃபூஜியன் மலைப்பகுதியில் ஹக்கா மக்கள் கட்டிய துலோ என்ற வீட்டைப் பார்த்தால், கோட்டை என்றுதான் சொல்லத் தோன்றும். பல துலோக்கள் வட்ட வடிவம். மூன்று, நான்கு மாடி. உள்ளே ஒரே குலத்துக் குடும்பங்கள்.

ஹக்காக்கள் வடக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாக இடம்பெயர்ந்தவர்கள். நல்ல வயலெல்லாம் ஏற்கெனவே பிறர் கையில், மிஞ்சியது மலை. கொள்ளைக்காரர் பயம் வேறு. அதனால் மண்ணோடு சுண்ணாம்பு, பசையரிசிக் கஞ்சி, சர்க்கரை சேர்த்து, நடுநடுவே மூங்கில் பத்தை செருகி இடித்து இறுக்கிச் சுவர் எழுப்பினார்கள். சுவரின் அடித்தடிமன் ஒரு மீட்டருக்கும் மேல். கீழ் மாடிகளில் வெளிப்பக்கம் ஜன்னலே இருக்காது. கதவுக்கு எதிரி தீ வைத்தால் மேலிருந்து தண்ணீர் ஊற்றவும் ஏற்பாடு!

ஒவ்வொரு குடும்பத்துக்கும் மேலிருந்து கீழாக ஒரு பங்கு: தரையில் அடுக்களை, அதன் மேல் தானியம், அதற்கும் மேலே படுக்கை. பணக்காரருக்கென்று பெரிய அறை கிடையாது. ஒரு வீட்டுச் சண்டை மொத்த வட்டத்துக்கும் கேட்டிருக்கும், அது வேறு விஷயம்.

1709-இல் முடிந்த செங்ச்சிலோ என்ற துலோவில் நான்கு வட்டங்கள். நடுவில் முன்னோர் மண்டபம். 2008-இல் 46 துலோக்களை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் துலோக்களில் இருந்த இளையவர்கள் பலர் நகரத்துக்குப் போய்விட்டார்கள். சில துலோக்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்குக் கிடைக்கிறது.