துரித உணவும் சொல்வன்மையும்
(எமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பிறர் மனத்தை இசைவிக்க விரும்புபவனுக்கு மூன்று வழிகள் உண்டெனக் கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் கி.மு. 4 ஆம் நூற்றாண்டிலேயே வகுத்துக் கூறினார். பேசுபவனின் பண்பினால் நம்பிக்கை பெறுதல் ஒன்று. கேட்பவரின் உணர்ச்சியைத் தொடுதல் மற்றொன்று. நியாயங்காட்டி நிறுவுதல் மூன்றாவது. அமெரிக்காவின் துரித உணவுத் தொழிலைக் கண்டித்தோர் இம்மூன்றையும் எவ்வாறு கையாண்டனர் என்பதை இன்று சிறிது ஆராய விரும்புகின்றேன்.

எரிக் ஷ்லோசர் என்னும் பத்திரிகையாளர் 2001 இல் ‘பாஸ்ட் பூட் நேஷன்’ என்ற நூலை வெளியிட்டார். 1970 இல் துரித உணவுக்கு ஏறத்தாழ 600 கோடி டொலர் செலவிட்ட அமெரிக்கர், 2000 இல் 11,000 கோடிக்கு மேல் செலவிட்டனர் என்று அதிலே கணக்குக் காட்டுகின்றார். இது நியாயத்தின் வழி. இறைச்சிக் கூடங்களிலே கத்தி பிடித்து உழைத்து, அங்கம் பழுதுற்றபின் கைவிடப்பட்ட தொழிலாளரின் துயரையும் எழுதுகின்றார். இது உணர்ச்சியின் வழி. ஆயினும், என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆராய்ச்சிக் காலத்தில் அவ்வுணவைத் தாமும் நிறைய உண்டதாகவும், அதிற் பெரும்பாலானது சுவையாகவே இருந்ததாகவும் முகவுரையிலேயே ஒப்புக்கொள்ளுகின்றார். எதிர்க்கட்சிக்குச் சாதகமானதை மறையாதவன் வேறெதையும் மறையான் என்ற நம்பிக்கை வாசகனுக்கு அங்கே பிறந்துவிடுகின்றது.

அந்நூல் ஆராய்ந்தவற்றுள் ஒன்று இந்துக்களாகிய எமக்கும் உரியது. மக்டொனால்ட்ஸ் நிறுவனம் 1990 இல் உருளைக்கிழங்கை மாட்டுக் கொழுப்பிற் பொரிப்பதைவிட்டுத் தாவர எண்ணெய்க்கு மாறியது. ஆனால், அமெரிக்காவில் விற்ற பொரியலில் மாட்டிறைச்சியிலிருந்து பெற்ற சுவைப்பொருள் பின்னரும் சேர்க்கப்பட்டது. பொருட்பட்டியலில் ‘இயற்கைச் சுவை’ என்றே குறித்திருந்தது. மரக்கறி உணவென நம்பி உண்டோர் 2001 இல் வழக்குத் தொடுத்தனர். 2002 இல் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து அமைப்புகள் உட்படப் பலவற்றுக்கு ஒரு கோடி டொலர் வழங்க இணங்கியது. இங்கே அலங்கார வார்த்தைக்கு அவசியமே இருக்கவில்லை. மறைத்த பொருளின் பெயரைச் சொன்னதே போதுமாயிற்று.

இதற்கு மாறான உதாரணமும் உண்டு. மோர்கன் ஸ்பேர்லொக் என்பவர் 30 நாட்கள் மக்டொனால்ட்ஸ் உணவையே உண்டு, தமது உடல் கெட்டதை 2004 இல் ‘சூப்பர் சைஸ் மீ’ என்ற படத்திற் காட்டினார். ஈரல் கெட்டதற்கு அவ்வுணவையே அப்படம் குற்றஞ்சாட்டியது. கண்டோர் திகைத்தனர். ஆனால் 2017 இல், 30 ஆண்டுகளாக ஒரு வாரத்துக்கு மேல் தாம் மதுவை விட்டிருந்ததில்லை என அவரே எழுதினார். ஈரல் கெட்டது உணவாலா, மதுவாலா என்ற ஐயம் அன்று எழுந்தது. வழக்கு நியாயமானதாக இருக்கலாம். ஆனால் சாட்சி ஒன்றை மறைத்துவிட்டார். அவருடைய சொல்லை நம்பியவர்களுக்கே அதனால் நட்டம்.

உணர்ச்சியைத் தொடுவது குற்றமன்று. தொழிலாளியின் துயரைக் கேட்டு உருகாத நெஞ்சம் இருந்தென்ன பயன்? ஆனால் விளம்பரக்காரரும் அதே உணர்ச்சியைத்தான் தொடுகின்றனர். ஆகவே, எவர் பேசினும் எதை விட்டுப் பேசுகின்றார் என்று நாம் கேட்கப் பழக வேண்டும். மூன்று வழிகளுள்ளும் பேசுபவனின் பண்பே ஏறக்குறைய வலிமை மிக்கது என்றார் அரிஸ்டோட்டில். நாளை மேடையேறவும் பேனா பிடிக்கவும் இருக்கும் இளைஞராகிய நாம், எமக்குப் பாதகமான உண்மையையும் சேர்த்தே சொல்லுந் துணிவைப் பெறுவோமாக.