வீட்டுச் சுத்தமும் பாம்புக் கடியும்

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற பிரசங்கம்)



வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், வாசல் தெளித்துக் கோலமிடுவதும் கூடத்தைப் பெருக்கி மெழுகுவதுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. இவற்றை ஸ்திரீகள் நாள்தோறும் செவ்வனே செய்துவருகின்றனர்; இதைப்பற்றிப் புதிதாகச் சொல்லவேண்டுவது ஒன்றுமில்லை. கொல்லைப்புறமும், விறகுக் குவியலும், நெல்மூட்டை அடுக்கிய மூலையும் எந்நிலையில் இருக்கின்றன என்பதே கேட்கத்தக்க கேள்வி. அதற்கு விடை சொல்லவேண்டியவர்கள் பெரும்பாலும் புருஷர்களே.

நெல் சிந்துமிடத்தில் எலி சேரும். எலியை நாடிப் பாம்பு வரும். 2000 முதல் 2019 வரையுள்ள 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக் கடியால் மாண்டவர் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள்.

நல்ல பாம்பும் கண்ணாடி விரியனும் கடித்தால் கடிபட்டவர் உடனே அறிவர். கட்டு விரியனின் வழி வேறு. அது இரவில் சஞ்சரிப்பது; தரையில் பாய் விரித்து உறங்குவோரையே பெரும்பாலும் கடிக்கிறது. வலி அதிகமில்லை, வீக்கமில்லை, பல் பட்ட அடையாளமும் சில வேளைகளில் புலப்படுவதில்லை. விடியற்காலையில் பையன் வயிற்று வலி என்று எழுந்திருப்பான். தாய் ஓமத் தண்ணீர் கொடுப்பாள். சற்றுப் பொறுத்துக் கண்ணிமைகள் தாமே தாழும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சுத் திணறும். தரையில் உறங்கியவர் காலையில் இவ்வாறு ஆனால், பாம்பை எவரும் காணாவிடினும் அதைக் கட்டு விரியனின் கடியென்றே எண்ணி உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

இதைத் தடுக்கும் உபாயங்கள் அதிகச் செலவுள்ளவை அல்ல. கயிற்றுக் கட்டிலில் படுப்பது நன்று. கட்டிலுக்கு வசதியில்லாதோர் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைப் பாயின் அடியில் நன்றாகச் செருகிக்கொண்டால் கொசுவும் அணுகாது, பாம்பும் அணுகாது. விறகையும் வறட்டியையும் சுவரோடு சேர்த்து அடுக்காமல், தள்ளி, கல்லின்மேல் ஒரு முழ உயரத்தில் அடுக்கவேண்டும். நெல்லை மூடியுள்ள குதிரிலோ தகரப் பீப்பாயிலோ வைக்கவேண்டும். ஜலதாரையின் வாய்க்குக் கம்பிவலை இடவேண்டும். இரவில் வெளியே செல்வோர் கையில் விளக்கு இருக்கவேண்டும். பூண்டையும் வசம்பையும் கரைத்துத் தெளிப்பதை நம்பி, குப்பையை அப்படியே விட்டுவைப்பது வீண்.

எலியை ஒழிப்பதற்குப் பொறியே உத்தமம். கடைகளில் விற்றுவந்த எலிப் பசையில் மஞ்சள் பாஸ்பரஸ் என்னும் கொடிய விஷம் உண்டு. அதற்கு மாற்று மருந்து கிடையாது. குழந்தைகள் உள்ள வீட்டில் அது இருத்தலாகாது. மண்ணெண்ணெயைச் சோடாப் புட்டியில் ஊற்றி வைப்பதும் இத்தகைய அஜாக்கிரதையே.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின்னும் கடிபட நேர்ந்தால், இறுகக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகிய மூன்றும் கூடா. கடிபட்ட அங்கத்தை அசையாதபடி சிம்பு வைத்துக் கட்டி, நடக்கவிடாமல் தூக்கிச் செல்லவேண்டும். மந்திரித்துப் பிழைத்தாரென்று சொல்லப்படுவோரைக் கடித்தவை பெரும்பாலும் விஷமற்ற பாம்புகளே; மந்திரிப்பவரின் வாசலில் கழியும் ஒரு மணி நேரம் திரும்பக் கிடைப்பதன்று.

ஆஸ்பத்திரியில் செலுத்தப்படும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்து செய்யப்படுவது. அதற்கு வேண்டிய பாம்பு விஷத்தைச் சேகரித்துத் தருவதில் முதன்மையானது, செங்கற்பட்டு ஜில்லாவில் வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். 1972-ஆம் ஆண்டு வனஜீவிப் பாதுகாப்புச் சட்டத்தால் பாம்புத் தோல் வியாபாரம் நின்று இருளர் பிழைப்பை இழந்தனர். 1978-இல் இச்சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, மண்பானைகளில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்தபின் மறுபடியும் காட்டிலேயே விட்டுவிடுகின்றனர். ஏழை மக்களின் கூட்டுறவுச் சங்கமொன்று தேசமெங்கும் உயிர்காக்கும் மருந்துக்கு ஆதாரமாயிருப்பதை இங்குள்ளோர் பெருமையுடன் நினைக்கலாம்.

தமிழ்நாடு சர்க்கார் 2024-இல் பாம்புக் கடியை, அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் சேர்த்துள்ளனர். மருந்து உண்டு, அது எந்த ஆஸ்பத்திரியில் உள்ளது என்பது நள்ளிரவில் தெரியாமல் அலைவதே கேடாக முடிகிறது. ஆகையால் சங்கக் காரியதரிசி சமீபத்திலுள்ள ஆஸ்பத்திரிகளுக்கு நேரிற் சென்று, விஷமுறிவு மருந்து எங்கே எப்போதும் இருப்பில் உள்ளதென்று விசாரித்து, அவ்விடத்தின் பெயரையும், 108 என்னும் ஆம்புலன்ஸ் எண்ணையும், இரவில் வண்டி கொடுக்க இசையும் இரண்டு அங்கத்தினரின் பெயரையும் சங்கக் கட்டிடத்தின் வெளிச்சுவரில் பெரிய எழுத்தில் எழுதிவைப்பாராக. கட்டிலுக்கும் கொசுவலைக்கும் குதிருக்கும் சிறு கடன் கொடுப்பதுபற்றி நிர்வாகக் கமிட்டியார் அறுவடைக்கு முன்பே தீர்மானம் செய்யவேண்டும். எலிகள் வீட்டுக்குள் வருவது நெல் வந்தபின்புதான்.