ஆணியில் தொங்குகிற மஞ்சப் பை

     

நான் ஏற்காட்டு மலையில் இருக்கிற கரடியூரிலிருந்து வந்திருக்கிறேன். ஊர்ப் பேரைச் சொன்னதும் நம்ம நடுவர் ஐயா நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிட்டார். (சிரிப்பு) பயப்படாதீங்க ஐயா. எங்க ஊருல இப்போ கரடியா இருக்கிறது நான் ஒருத்திதான். ஏன்னா, எங்க வீட்டுல பன்னிரண்டு வருஷம் கரடியா கத்தினவ நான். "துண்டை அங்கே போடாதீங்க, டார்ச் லைட்டு எங்கே, சாவி எங்கே"ன்னு கத்துவேன். கத்திக் கத்தித் தொண்டை போனதுதான் மிச்சம். சாவி கிடைக்கவே இல்லை. (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, இன்றைய தலைப்பு என்ன? "ஒரு வீடு சீர்படுவது ஒரே மூச்சில் செய்யும் பெரிய மாற்றத்தாலா? சின்னச் சின்ன அடிகளாலா?" எதிரணி அண்ணன் அழகாகப் பேசினார். "பழைய வீட்டை இடிச்சுட்டுக் கட்டணும்மா, ஒட்டுப் போட்டா அது கந்தல்" என்றார். அண்ணே, நீங்க எங்க மலைக்கு வந்திருக்கீங்களா? சேலத்திலிருந்து ஏற்காடு ஏற 20 கொண்டை ஊசி வளைவு. உங்க கையில அந்த வேலையைக் கொடுத்திருந்தா ஒரே மூச்சுல நேரா ரோடு போட்டிருப்பீங்க. அப்புறம் ஏறின பஸ்ஸெல்லாம் பின்பக்கமாவே சேலம் போய்ச் சேர்ந்திருக்கும். (பலத்த சிரிப்பு)

வேடிக்கை போகட்டும். நான் பட்ட ஒரு பாட்டை இந்த மேடையில் சொல்லித்தான் ஆகணும்.

2012-ஆம் வருஷம். என் மக பிளஸ் டூ முடிச்சா. நல்ல மார்க்கு. சேலத்தில் ஒரு கல்லூரியில் சேர்க்கைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. நாங்க மலையாளிப் பழங்குடி. சேலம் மாவட்டத்துல எங்களைப் பழங்குடியினர் பட்டியல்ல வெச்சிருக்காங்க. அந்தச் சாதிச் சான்றிதழ் காகிதம் ஒண்ணுதான் எங்க பிள்ளைங்களுக்குச் சொத்து. அதை ஏற்கனவே வாங்கி வெச்சிருந்தோம். வாங்கினது உண்மை, வெச்சதும் உண்மை. எங்கே வெச்சோம்? (அரங்கில் அமைதி)

முந்தின நாள் ராத்திரி தேடினோம். பரணைத் தேடினோம், டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தோம், அரிசி டிரம்முக்குப் பின்னாடி பார்த்தோம். எங்க வீட்டுக்காரர் என்னைத் திட்டினார். நான் எங்க அத்தையைத் திட்டினேன். அத்தை யாரைத் திட்டுறதுன்னு தெரியாம பூனையைத் திட்டினாங்க. விடிஞ்சு போச்சு. காலைப் பஸ்ஸும் போயிடுச்சு. என் மக வாசப்படியில உட்கார்ந்து, "விடும்மா, நான் அடுத்த வருஷம் போறேன்"னு சொன்னா. அழுதிருந்தாக்கூட எனக்குத் தாங்கியிருக்கும். அவ என்னைத் தேத்தினா பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை.

புதுசா வாங்கலாமேன்னு கேட்பீங்க. பழங்குடிச் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தரணும். விசாரிச்சுத்தான் தருவாங்க, அதுக்கு நாள் பிடிக்கும். கொடுத்த காகிதத்தைத் தொலைச்சது யாரு? நாங்கதான். அந்த வருஷம் முழுக்க என் பிள்ளை என்கூடக் காப்பித் தோட்டத்துல வேலை பார்த்தா.

அடுத்த மார்கழி கடைசி நாள், போகி. எதிரணி அண்ணன் பெருமையாச் சொன்னாரே, "போகியன்னிக்கு ஒரே நாள்ல வீடு சுத்தமாகுதே"ன்னு, அதே போகி. 2006-ல ஆரம்பிச்ச திட்டத்துல எங்களுக்கு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சியோட அட்டைப் பெட்டி ஒண்ணு மூலையில கிடந்தது. எரிக்கத் தூக்கினேன். கனமா இருந்துச்சு. திறந்து பார்த்தா கரண்டு பில்லு, கல்யாணப் பத்திரிகை, ஊசிப்போன மருந்து, அதுக்கெல்லாம் அடியில என் மகளோட சான்றிதழ்! நெருப்புக்கு நாலடி தூரத்துல அதை நெஞ்சோட சேர்த்துப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரே நாள்ல வீட்டைச் சுத்தம் பண்றேன்னு என் பிள்ளையோட எதிர்காலத்தையே கொளுத்தப் பார்த்தேனே ஐயா! (கைதட்டல்)

அப்புறம் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? எதிரணி சொல்றதைத்தான் செஞ்சேன். ஒரு ஞாயித்துக்கிழமை, புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு, வீட்டையே தலைகீழாப் புரட்டினேன். சுண்ணாம்பு அடிச்சேன். டப்பாவுக்கெல்லாம் பேர் எழுதி ஒட்டினேன். ராத்திரி வீடு கோயில் மாதிரி இருந்துச்சு. புதன்கிழமை வந்தது. மறுபடியும் சந்தை! (சிரிப்பு) ஏன்? அந்த ஞாயித்துக்கிழமை எனக்கு இருந்த தெம்பு புதன்கிழமை இல்லை. நாள் பூரா கூடையை இடுப்புல கட்டிச் சரிவுல நின்னு பழம் பறிச்சிட்டு வர்ற உடம்புக்கு, டப்பாவைப் பார்த்து அடுக்கவா தோணும்?

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் விளங்குச்சு. தெம்பா இருக்கிற நாளை வெச்சு வீட்டுக்குச் சட்டம் போடக்கூடாது. ரொம்ப ஓய்ஞ்சு போய் வர்ற நாள்ல எது செய்ய முடியுமோ, அதைத்தான் சட்டமா வெக்கணும்.

அதனால ஒரே ஒரு வேலை செஞ்சேன். சுவத்துல ஒரு ஆணி அடிச்சேன். அதுல ஒரு மஞ்சப் பையை மாட்டினேன். எந்தக் காகிதம் வீட்டுக்குள்ளே வந்தாலும் அந்தப் பைக்குள்ளே போகணும். பிரிக்க வேண்டாம், அடுக்க வேண்டாம். போட்டாப் போதும். ஒரு மாசம் வேற எதையும் தொடலை. அது கைக்குப் பழகின பிறகு ரெண்டாவது ஆணி. அது சாவிக்கும் டார்ச் லைட்டுக்கும். அத்தையோட பிரஷர் மாத்திரைக்கு ஒரு டப்பா, காப்பித்தூள் டப்பாவுக்குப் பக்கத்துலயே. ஏன்னா, மாத்திரையை மறந்தாலும் எங்க அத்தை காப்பியை மறக்க மாட்டாங்க! (சிரிப்பு) ராத்திரி அடுப்பை அணைச்ச கையோட, காலைக்கு வேண்டிய விறகையும் தண்ணியையும் எடுத்து வெச்சிடுவேன். அஞ்சு நிமிஷம். ஏற்கனவே பழகின வேலையோட வாலைப் பிடிச்சுப் புது வேலை வரணும். அப்போ அதுக்குத் தனியா ஞாபகம் வேண்டியதில்லை.

நடுவே ஒரு நாள் விட்டுப்போகும். போகட்டும். மறுநாள் தொடரணும். "போச்சு, எல்லாம் போச்சு"ன்னு பையையே கழட்டி வெச்சிடக் கூடாது.

ஓசூர்ல ஒரு கம்பெனியில வேலை பார்க்கிற என் தம்பிகிட்ட இதைச் சொன்னேன். "அக்கா, இதைத்தான் ஜப்பான்காரன் கைசென்னு சொல்றான். எங்க கம்பெனியில ஒவ்வொரு கருவிக்கும் பலகையில இடம் வரைஞ்சிருக்கும். ஸ்பேனர் காணோம்னா அந்த இடம் காலியா நின்னு காட்டிக் கொடுக்கும்"னான். ஜப்பான் நாட்டு டெமிங் பரிசை 1998-ல சென்னை பாடியில் இருக்கிற சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தோட பிரேக் பிரிவு வாங்கியது. இந்தியாவிலேயே முதல்ல அவங்கதான். தினமும் ஒரு துளி திருத்திக்கிட்டே போறது அந்த வழி. தொழிற்சாலைக்கு ஆகிறது அடுப்படிக்கு ஆகாதா?

பெண்களுக்கும் இது புதுசு இல்லைங்க. தருமபுரி மாவட்டத்தில் 1989-ல சுய உதவிக் குழுக்கள் தொடங்கினப்போ பெரிய தொகையை யாரும் தலையில கொட்டலை. குழுவாக் கூடு, சின்னத் தொகையைச் சேமி, கணக்கை நோட்டுல எழுதுன்னுதான் ஆரம்பிச்சாங்க. ரெண்டு மூணு வருஷத்துல எங்க சேலம் மாவட்டத்துக்கும் வந்தது. அந்தக் குழுவுல நோட்டு எழுதின கைதான் இன்னிக்கு எங்க வீட்டு வரவு செலவையும் எழுதுது. சிறுகக் கட்டிப் பெருக வாழ்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

எங்க மலைக் காப்பியையே பாருங்க. 1820-கள்ல காக்பர்ன் என்கிற கலெக்டர் கொண்டுவந்தது. செடி வெச்சா மூணு நாலு வருஷம் காத்திருக்கணும். அப்புறமும் எல்லாப் பழமும் ஒரே நாள்ல பழுக்காது. பழுத்ததை மட்டும் பறிச்சு, மறுபடி வந்து, மறுபடி பறிக்கணும். அவசரப்பட்டு ஒரே நாள்ல கொப்போட உருவினா, காயும் பழமும் கலந்து காப்பியோட ருசியே போயிடும். எதிரணி அண்ணன் வீட்டுக் காப்பி எப்படி இருக்கும்னு நான் சொல்லணுமா? (சிரிப்பு, கைதட்டல்)

பெரிய உதவியே வேண்டாம்னு நான் சொல்லலை, நடுவர் அவர்களே. ரோடு வேணும், கேஸ் அடுப்பு வேணும், நல்ல வீடு வேணும். அதெல்லாம் எங்க உரிமை. ஆனா பெரிசு வாசலுக்கு வரும்போது என்ன கேட்கும்? காகிதம் கேட்கும்! 2023-ல மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கினாங்க. ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ் புக்கு எல்லாம் கொண்டாங்கன்னாங்க. எங்க வீட்டுல யாரும் யாரையும் திட்டலை. பூனைகூட நிம்மதியாத் தூங்குச்சு. (சிரிப்பு) எங்க வீட்டுக்காரரே போய் ஆணியில இருந்து பையை எடுத்துக் கொடுத்தார். அவருக்கும் அந்த ஆணி எங்கே இருக்குன்னு தெரியும் பாருங்க, அதுதான் எனக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல. வீட்டு ஒழுங்கு வீட்டுக்காரி ஒருத்தி தலையில இருக்கிற வரைக்கும் அது ஒழுங்கு இல்லை, தண்டனை.

என் மக 2013-ல கல்லூரியில சேர்ந்தா. இன்னிக்கு சேலத்துல நர்ஸா வேலை பார்க்கிறா. ஆனாலும் அவ இழந்த ஒரு வருஷத்தை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது. ஒரு ஆணி அடிக்க எனக்குப் பத்து நிமிஷம் ஆச்சு. அதைப் பத்து வருஷம் முன்னாடியே அடிச்சிருக்கலாம்.

ஆகவே நடுவர் அவர்களே, உள்ளம் நிறைந்த இல்லம் சீர்படுவது ஓய்ந்து வருகிற நாளிலும் எடுத்து வைக்க முடிகிற சின்னச் சின்ன அடிகளாலேதான் என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள் எனக் கேட்டு, இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் சகோதரிகளை, இந்த நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து ஒரே ஒரு ஆணி அடியுங்கள் என்று வேண்டி அமர்கிறேன்.  (நீண்ட கைதட்டல்)