சுமைகூலியும் சந்தோசமும்

கொழும்பிலிருந்து மலைநாட்டுக்குச் செல்லும் புகையிரதம் நானுஓயாவில் நிற்பது சில நிமிடங்களே. அதற்குள் பெட்டிகள் இறங்க வேண்டும். பிள்ளைகள் இறங்க வேண்டும். முதியவர்களைக் கைபிடித்து இறக்க வேண்டும். அந்த அவசரத்தில் யாரோ ஒருவர் வந்து, கேட்டும் கேளாமலும் பெட்டியைத் தோளில் ஏற்றி, நுவரெலியாவுக்குச் செல்லும் வாகனம் வரையில் கொண்டுபோய் வைக்கிறார். வைத்துவிட்டு நிற்கிறார். பயணி சட்டைப் பையைத் துழாவுகிறார். எவ்வளவு கொடுப்பது? கொடுக்கத்தான் வேண்டுமா? கொடுப்பது கூலியா, கொடையா?

இந்தத் தடுமாற்றம் மலைநாட்டுப் பயணிக்கு மட்டும் உரியதன்று. உல்லாசக் கப்பலில் புறப்படும் சீமானுக்கும் இதே தடுமாற்றம் உண்டு. கப்பலுக்குள் படுக்கை விரிப்பவருக்கும் உணவு பரிமாறுபவருக்கும் சேர வேண்டிய அன்பளிப்பைப் பல கப்பல் நிறுவனங்கள் நாட்கணக்கில் பயணியின் கணக்கிலேயே எழுதிவிடுகின்றன. ஆனால், துறைமுகத்தில் பெட்டியை வாங்கிக்கொள்பவர் கப்பலின் ஊழியர் அல்லர். அவருக்கு உரியது அந்தக் கணக்கில் வராது. ஆகவே கரையில் நிற்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

இலங்கைத் தமிழில் இதற்கென ஓர் அழகிய சொல் இருக்கிறது. கூலிக்கு மேலாக மனமுவந்து கொடுப்பதைச் 'சந்தோசம்' என்பார்கள். 'ஏதும் சந்தோசம் தாருங்கள்' என்று கேட்பவர் பிச்சை கேட்கவில்லை. கொடுப்பவரின் மனநிறைவில் ஒரு பங்கு கேட்கிறார். சிங்கள மக்களும் இச்சொல்லை இதே பொருளில் வழங்குகின்றனர். ஆயினும் சந்தோசம் என்பது கூலி கொடுத்து முடிந்த பின்னர் வருவது. கூலியே பேசப்படாத இடத்தில் சந்தோசம் கொடுத்தேன் என்று சொல்லுவது, அசலைக் கொடாமல் வட்டி கொடுத்தேன் என்பது போலாகும்.

கூலி என்னும் சொல்லின் கதையோ துயரமானது. தமிழில் அது செய்த வேலைக்குரிய ஊதியத்தைக் குறிப்பது. ஆங்கிலேயர் நாவில் அது வேலை செய்யும் மனிதனின் பெயராயிற்று. அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே இருவேறு கருத்துக்கள் உண்டெனினும், மலைநாட்டில் நேர்ந்தது ஐயத்துக்கு இடமற்றது. உழைப்பின் விலையைக் குறித்த சொல்லே உழைப்பவனைச் சுட்டி அழைக்கும் ஏச்சாக மாறியது.

'நாட்டாமை' என்ற சொல்லும் இவ்வாறே திரிந்தது. தமிழகத்துக் கிராமத்தில் நாட்டாமை என்றால் ஊர்த்தலைவர். கொழும்புப் புறக்கோட்டையில் நாட்டாமை என்றால் மூட்டை சுமப்பவர். அந்த நாட்டாமைகளுள் மலையகத்து மைந்தரும் உளர்.

மலைநாடே சுமையால் உருவான நாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கென வந்த தமிழ்மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, தட்டுமுட்டுப் பொருள்களைத் தலையில் சுமந்து, காட்டுவழியே கால்நடையாக மலை ஏறினர். புகையிரதம் ஹற்றனை எட்டியது 1884ஆம் ஆண்டில். நானுஓயாவை எட்டியது 1885ஆம் ஆண்டில். அதன் பின்னரும் தோட்டத்திலிருந்து நிலையம் வரையிலான வழி பலருக்கும் தலைச்சுமை வழியாகவே இருந்தது.

ஹற்றனிலிருந்து ஊருக்குப் போகும் ஒரு தோட்டத் தொழிலாளியின் தகரப் பெட்டியைச் சற்று மனக்கண்ணில் தொடர்ந்து பார்க்கலாம். 1914ஆம் ஆண்டு முதல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. அந்தப் பெட்டி ஹற்றனில் வண்டி ஏறும். பொல்காவலையில் இறங்கி வேறு வண்டி மாறும். தலைமன்னார்த் துறையில் வண்டியிலிருந்து கப்பலுக்குப் போகும். கடலைக் கடந்ததும் தனுஷ்கோடியில் கப்பலிலிருந்து மறுபடியும் வண்டிக்கு வரும். நான்கு இடங்களில் பெட்டியைத் தூக்க வேண்டும். துரைமார்களின் பெட்டிகளுக்கு நான்கு இடங்களிலும் ஆள் உண்டு. தொழிலாளியின் பெட்டிக்குத் தொழிலாளியே ஆள். சுமைகூலி கொடுப்பதா வேண்டாமா என்ற கேள்வி அவருக்கு எழுந்ததே இல்லை.

1964ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் கப்பல் இராமேசுவரத்துக்கு ஓடியது. அதே ஆண்டு ஒக்டோபர் மாதம் 30ஆம் நாள் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதென முடிவாயிற்று. ஹற்றன், தலவாக்கலை, நானுஓயா நிலையங்களில் குடும்பங்கள் பிரிந்தன. அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மலையக மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். வாழ்நாளெல்லாம் பிறருக்காகச் சுமந்தவர்கள் அன்று தங்கள் வீட்டையே மூட்டையாகக் கட்டிச் சுமந்தனர். 1980களில் போர் மூண்டபோது அந்தக் கப்பல் ஓட்டமும் நின்றது.

இனி, கொடுக்கலாமா என்னும் கேள்விக்கு வருவோம். கொடுக்கக் கூடாது என்பவர்களின் வாதத்தில் வலு இல்லாமல் இல்லை. அன்பளிப்புப் பெருகும் இடத்தில் முதலாளி சம்பளத்தைக் குறைத்துக்கொள்கிறான்; தான் கொடுக்க வேண்டியதைப் பயணியின் தலையில் கட்டிவிடுகிறான் என்கின்றனர். உலக வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. அமெரிக்காவில் புல்மன் நிறுவனத்தின் படுக்கை வண்டிகளில் பணியாற்றிய கறுப்பின ஊழியர்கள் சொற்பச் சம்பளம் பெற்று, பயணிகளின் அன்பளிப்பை நம்பியே வாழ்ந்தனர். 1925ஆம் ஆண்டு பிலிப் ரண்டோல்ப் என்பவரைத் தலைவராகக் கொண்டு அவர்கள் சங்கம் அமைத்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் போராடி, 1937இல் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர். அவர்கள் கேட்டது தாராளமான பயணிகளை அல்ல. மாதம் தவறாத சம்பளத்தை. இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் அந்நாட்டிலேயே உண்டு. புகையிரத நிலையங்களில் சிவப்புத் தொப்பியணிந்து பெட்டி சுமந்தவர்களுக்குப் பயணிகள் தரும் அன்பளிப்பைச் சட்டப்படியான குறைந்தபட்ச ஊதியத்திலேயே சேர்த்துக் கணக்கிடலாம் என்று 1942இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பயணியின் ஈகை முதலாளியின் சேமிப்பாயிற்று!

ஆனால் இந்த வாதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நானுஓயா மேடையில் ஒருவர் வெறுங்கையை விரிப்பாராயின், அது நியாயமாகாது. அங்கே பெட்டி தூக்குபவருக்கு வேறு முதலாளி இல்லை. அந்தப் பத்து நிமிடத்துக்குப் பயணியே முதலாளி. ஆகவே அவருக்குக் கொடுப்பது சந்தோசம் அன்று, கூலிதான். கூலியென்றால் சுமையைத் தூக்குமுன் பேசிவிட வேண்டும். இந்தியப் புகையிரத நிலையங்களில் பித்தளை வில்லை அணிந்த சுமைதூக்குவோருக்கு இவ்வளவு எடைக்கு இவ்வளவு என்று நிருவாகமே வீதம் வகுத்திருக்கிறது. அதற்கு மேலும் பேரம் நடப்பது உண்டெனினும், பேசத் தொடங்குவதற்கு ஓர் எல்லையாவது இருக்கிறது. எல்லை இல்லாத இடத்தில், தூக்குபவர் அதிகம் கேட்டுவிடுவாரோ என்று பயணியும், ஏமாற்றிவிடுவாரோ என்று தூக்குபவரும் ஒருவரையொருவர் அஞ்சுகின்றனர்.

நுவரெலியா விடுதியில் நிலைமை வேறு. அங்கே பற்றுச்சீட்டில் நூற்றுக்குப் பத்து வீதம் சேவைக் கட்டணம் எனச் சேர்ப்பது வழக்கம். அது ஊழியர்க்குப் பகிரப்பட வேண்டிய பணம். அதற்கு மேலும் அறைவரை பெட்டி கொண்டுவந்தவருக்கு ஏதேனும் கொடுத்தால், அது உண்மையிலேயே சந்தோசம். கொடாவிட்டால் குற்றமில்லை.

மலைநாட்டில் மிகப் பெரிய சுமைகாரர் யார் என்பதையும் நினைக்க வேண்டும். புகையிரத நிலையத்தில் நிற்பவர் அல்லர் அவர். மலைச்சரிவில் கொழுந்து பறிக்கும் பெண்ணே அவர். பறித்த கொழுந்தை முதுகில் ஏந்தி, கயிற்றின் பாரத்தைத் தலையில் தாங்கி, மழைச் சேற்றில் இறங்கி நிறுவை இடத்துக்குக் கொண்டுவருகிறார். அங்கே ஈரத்துக்கென்றும் கூடைக்கென்றும் சில கிலோவைக் கழிப்பது தோட்டங்களில் நெடுநாள் மனக்குறை. ஓய்வு நாளில் பறிக்கும் கொழுந்துக்கு நிறைப்படி கொடுப்பதைத் தோட்டத்தில் 'கைக்காசு' என்பார்கள். கையில் கொடுப்பதால் கைக்காசு. ஆயினும் அது தயவன்று, நிறுத்துக் கொடுப்பது.

1929ஆம் ஆண்டு முதல் உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என நாட்சம்பளம் சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக 2021ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. 2024இல் 1,350 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு உயர்வும் போராட்டமின்றி வந்ததில்லை.

சுற்றுலாப் பயணி காரை நிறுத்தி அந்தப் பெண்ணைப் படம் பிடிக்கிறார். ஒரு நோட்டை நீட்டுகிறார். அவர் வாங்கிக்கொள்கிறார். வாங்குவதில் இழிவேதும் இல்லை; முகத்தைக் காட்டுவதும் அங்கே ஒரு வேலையாகிவிட்டது. ஆனால் அந்த ஒரு நோட்டு, அன்று காலை முதல் அவர் பறித்த பல கிலோக் கொழுந்தின் கூலியோடு போட்டியிடுமாயின், வெட்கப்பட வேண்டியவர் வாங்கியவர் அல்லர். நோட்டை நீட்டியவரையும் பழிக்க இயலாது. அவர் வீட்டில் அருந்தும் தேயிலையின் விலையில் அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு சேருகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஹற்றனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று, சிவனொளிபாதமலைக்கு ஏறுபவர்கள் இந்தக் கணக்கை வேறு வகையில் காணலாம். டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாதத்து வெசாக் பௌர்ணமி வரை யாத்திரைக் காலம். வழியெங்கும் தேநீர்க் கடைகள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகளுக்கு வண்டி ஏறாது. அரிசியும் சீனியும் எரிவாயுக் கலனும் மனிதர் தோளிலேயே ஏறுகின்றன. அதனால் மேலே செல்லச் செல்லத் தேநீரின் விலையும் ஏறுகிறது. அடிவாரத்து விலையை நினைவில் வைத்துக்கொண்டு உச்சிக்கு அருகில் கடைக்காரரோடு வழக்காடும் யாத்திரிகர்கள் ஆண்டுதோறும் உண்டு. கூடுதலாகக் கேட்கப்படும் அந்தச் சில ரூபாய்களுள், இரவில் அதே படிகளில் சீனி மூட்டையோடு ஏறியவரின் கூலியும் அடங்கியிருக்கிறது.