பட்டப்படிப்போடு ஒரு துணைப்பாடம்: பழங்கட்டடப் பாதுகாப்புக் கல்வி

(நமது ஜமாஅத்தின் மாணவர் பரிசளிப்பு விழாவில் பள்ளியின் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. 

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் துஆச் செய்யும்படி கேட்டு நம்மிடம் வருகிறார்கள். அடுத்து என்ன படிக்கப் போகிறீர்கள் என்று வினவினால் பொறியியல், கணினி, வணிகவியல் என்று விடை வருகிறது. யாவும் நல்லவையே, ஹலாலான பிழைப்பைத் தருபவையே. அவற்றை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. அவற்றோடு சேர்த்துக் கற்கத்தக்க ஒரு கல்வியை அறிமுகம் செய்யவே விரும்புகிறோம். பழங்கட்டடங்களைப் பாதுகாக்கும் கல்வியே அது.

இக்கல்வி அமெரிக்காவில் வேரூன்றியது ஒரு பேரிழப்பை ஒட்டித்தான். நியூயார்க் நகரில் 1910இல் திறக்கப்பட்ட பென்சில்வேனியா ரயில் நிலையம் பெருந்தூண்களோடு மாளிகைபோல் நின்றது. 1963இல் அதை இடிக்கத் தொடங்கினர். இடித்த பின்னரே, இழந்தது என்னவென்று மக்கள் உணர்ந்தனர். 1965இல் அந்நகரம் பழங்கட்டடங்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. 1966இல் நாடு முழுமைக்குமான சட்டம் வந்தது. பழமையான எதையும் தொடக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டம் சொல்லவில்லை. மத்திய அரசின் பணமோ அனுமதியோ சம்பந்தப்பட்ட வேலை என்றால், பழஞ்சின்னங்களுக்கு அதனால் என்ன நேரும் என்பதை முதலில் ஆராயுங்கள், பிறகு முடிவெடுங்கள் என்கிறது. இந்த வரிசையைத்தான் நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

ஆராய வேண்டுமானால் ஆராயத் தெரிந்தவர்கள் வேண்டுமல்லவா? கொலம்பியா பல்கலைக்கழகம் 1964இலேயே இத்துறையைக் கற்பிக்கத் தொடங்கியிருந்தது. மேரி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இளங்கலை நிலையிலேயே இதற்குத் தனிப் பட்டம் உண்டு. வேறு பல கல்லூரிகளில் இது 'மைனர்' எனப்படும் துணைப்பாடம். முதன்மைப் பாடம் வரலாறாகவோ பொறியியலாகவோ இருக்கும். அதனுடன் ஐந்தாறு தாள்கள் இத்துறையில் பயின்றால் போதும். பிழைப்புக்கான படிப்பும் கெடாது. கண்ணுக்குப் புதிய பார்வையும் கிடைக்கும்.

அத்தாள்களில் கற்பது என்ன? கட்டடத்தை அளந்து வரைபடம் தீட்டுதல், பத்திரங்களையும் பழைய படங்களையும் கொண்டு அதன் வயதை அறிதல், கல், மரம், சுண்ணாம்பு இவற்றின் இயல்பை அறிதல், சட்டத்தை அறிதல்.

ஓர் உதாரணம் சொல்வோம். நம் முன்னோர் கட்டிய சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்குகிறது. உப்புப் பூத்துச் செங்கல் பொரிந்து உதிர்கிறது. சுவர் பழசாகிவிட்டது, இடித்துவிடலாம் என்கிறோம். பல இடங்களில் நோய் சுவரில் இல்லை, நாம் செய்த வைத்தியத்தில் இருக்கிறது. டெல்லியில் ஹுமாயூன் கல்லறையை 2007 முதல் 2013 வரை சீரமைத்தபோது, இருபதாம் நூற்றாண்டில் அதன் கூரைமேல் அடுக்கடுக்காகப் போட்ட சிமெண்ட் கான்கிரீட்டை ஏறத்தாழ பத்து லட்சம் கிலோ அளவுக்கு ஆட்களைக் கொண்டு அகற்ற வேண்டியதாயிற்று.

சகோதரர்களே! இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களில் மண்டபம்போல் கற்றூண்கள் வரிசையாக நிற்கும் பள்ளிகளைக் காணலாம். இந்த மண்ணின் கல்தச்சர் கைவேலையோடு நம் தொழுகையின் ஒழுங்கு அங்கே இணைந்திருக்கிறது. சென்னைத் திருவல்லிக்கேணியின் வாலாஜா பள்ளிவாசல் 1795இல் மரமும் இரும்புமின்றிக் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. இவற்றைப் படித்தறிய நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

நமது உள்பள்ளியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா என்ற பேச்சு இவ்வாண்டுப் பொதுக்குழுவில் எழுந்ததை அனைவரும் அறிவீர்கள். ஜும்ஆவில் இடம் போதவில்லை, மழைக்காலத்தில் கூரை ஒழுகுகிறது என்பவை மெய்யான குறைகளே. பழையது என்பதனாலேயே ஒரு கட்டடம் புனிதமாகிவிடாது. மஸ்ஜிதுந் நபவியையே ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களும் ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்களும் தத்தம் காலத்தில் விரிவுபடுத்தினார்கள். ஆகவே விரிவாக்கத்தை நாம் எதிர்க்கவில்லை. ஆயினும் வக்ஃபு என்பது அமானிதம். வக்ஃபு செய்தவர் எதை விட்டுச் சென்றார் என்று அறியாமலே அதைக் கலைப்பது அமானிதத்தைப் பேணுவதாகுமா? கூரை ஒழுகுவதற்குக் காரணம் கல்லா, தளமா, மேலே வேய்ந்த சிமெண்டா என்று அறிந்தவரைக் கொண்டு பார்த்தோமா? முடிவு பொதுக்குழுவுக்கு உரியது. பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்பதே நமது வேண்டுகோள்.

இதன்பொருட்டு மூன்று காரியங்களை ஜமாஅத்தின் முன் வைக்கிறோம்.

ஒன்று: கடப்பாரை படுமுன் உள்பள்ளியின் ஒவ்வொரு தூணையும் அளந்து வரைந்து, படமெடுத்து, மிஹ்ராபிலும் நிலைப்படியிலும் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து வைப்போம். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகளே விடுமுறையில் இதைச் செய்யலாம்.

இரண்டு: நம் நாட்டில் இக்கல்வி பெரும்பாலும் மேற்படிப்பாகவே உள்ளது; டெல்லி திட்டமிடல் மற்றும் கட்டடக்கலைப் பள்ளியில் முதுகலையில் கற்பிக்கிறார்கள். எனினும் கட்டடக்கலை, சிவில், வரலாறு பயிலும் மாணவர்கள் தம் கல்லூரியில் இதற்கான விருப்பப்பாடம் உண்டா என்று கேட்டறிய வேண்டும். 1984இல் தொடங்கப்பட்ட இன்டாக் அமைப்பின் பயிற்சிகளையும் விசாரிக்கலாம். இதை எடுத்துப் படிப்பவருக்கு நமது கல்வி நிதியிலிருந்து ஓர் உதவித்தொகை ஒதுக்குவீர்களாக.

மூன்று: மதரஸாவில் ஓதும் பிள்ளைகளுக்கு அரபி தெரியும், தமிழும் தெரியும். மீஸான் கற்களையும் அரபுத்தமிழ் ஏடுகளையும் வாசிக்க அவர்களைவிடப் பொருத்தமானவர் யார்? அவர்களையும் இப்பணியில் சேர்ப்போம்.

கட்டியவர்களின் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அவர்கள் நம்மிடம் விட்டுச் சென்றதை அறிந்து பேணும் கல்வியை நம் மக்களுக்கு வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.