தாலித் தங்கமும் மாதம் ஆயிரமும்



மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்துவிடும். சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில், ஏழை வீட்டில் படித்த பெண் இருந்தால், அந்தச் சமயத்தில் இரண்டு பேர் வாசலுக்கு வருவது பழைய வழக்கம். ஒருவர் கல்யாணத் தரகர். இன்னொருவர் மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர். புள்ள எத்தனை மார்க் என்று இருவரும் கேட்கமாட்டார்கள்.

“ஏனுங்கக்கா, மூணு வருசம் மில்லுல இருந்தாப் போதும். சோறு, தங்கற எடம் எல்லாம் அவிங்களே பாத்துக்குவாங்க. முடிச்சு வெளிய வரப்போ மொத்தமா ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆச்சுங்களே!”

நூற்பாலைகளில் இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பேர். கோவை, ஈரோடு, திண்டுக்கல், நாமக்கல் எனக் கொங்கு வட்டாரத்தையும் அதைச் சுற்றியும் பல மில்களுக்கு இப்படித்தான் பெண்களை எடுத்தார்கள். விடுதியை விட்டு நினைத்தபடி வெளியே வர முடியாது. உடம்புக்கு முடியாமல் பாதியில் ஊர் திரும்பினால், அந்தக் கடைசித் தொகை பல பேருக்குக் கிடைத்ததே இல்லை. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வு அமைப்புகள் 2014இல் வெளியிட்ட அறிக்கை இதை உலகத்துக்குச் சொன்னது. நம் ஊர்க்காரர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை.

மில்லுக்கு அனுப்பாத வீடுகளிலும் வேலை காத்திருக்கிறது. பள்ளிபாளையம், குமாரபாளையம், தாரமங்கலம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். குடும்பமே முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கும். அடைக்கிற வரை அந்தத் தறியை விட்டு நகர முடியாது. தறி ஓட ஓட, ஊடைநூல் சுற்றிய தார் காலியாகிக்கொண்டே இருக்கும். சுற்றிப் போட ஒரு கை வேண்டும். விடிகாலையில் உட்கார்ந்து தார் சுற்றிவிட்டு, தலையில் பஞ்சு ஒட்டியிருப்பதுகூடத் தெரியாமல் வகுப்பில் வந்து உட்காருகிற பிள்ளையை அந்தப் பக்கத்து ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதலில் திங்கட்கிழமை வராது. அப்புறம் வாரத்தில் இரண்டு நாள் வராது. 2016இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டம் பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. ஆனால் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலுக்கு உதவலாம் என்று ஒரு வாசலையும் திறந்துவைத்திருக்கிறது. பள்ளி நேரம் எங்கே முடிகிறது, உதவி எங்கே தொடங்குகிறது என்று வீட்டுக்குள் போய் யார் அளப்பது?

 

அரசு சும்மா இருக்கவில்லை. 1989இல், எட்டாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்கு 5,000 ரூபாய் என்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் ஒரு திட்டம் வந்தது. பின்னால் அது பத்தாம் வகுப்பு ஆயிற்று. 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. பட்டம், பட்டயம் முடித்த பெண்ணுக்கு 50,000 ரூபாய். 2016இல் தங்கம் எட்டு கிராம் ஆனது. அந்த உதவிக்காகவே மகளைப் பத்தாவது வரை விட்டுவைத்த வீடுகள் உண்டு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். மில்காரர் தருவதும் கல்யாணத்துக்கு, அரசு தந்ததும் கல்யாணத்துக்கு. தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்ட அம்மையாரின் பெயர் தாலித் தங்கத்தோடு போய் ஒட்டிக்கொண்டது எனக்கு என்றைக்கும் பொருத்தமாகப் பட்டதில்லை.

2022 செப்டம்பர் 5ஆம் தேதி அந்தத் திட்டம் புதுமைப் பெண் திட்டமாக மாறியது. ஆறாவது முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்தால், படிப்பு முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்கே போகும். இலவச சைக்கிள், லேப்டாப் எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். காசு கல்யாண மண்டபத்திலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இடம் மாறியிருக்கிறது.

ஆனால் இந்த ஆயிரத்தை வாங்க முதலில் பள்ளிப் படிப்பைத் தாண்ட வேண்டும். பெண் நின்றுபோவது அதற்கு முன்னாலேயே. கட்டாயக் கல்விச் சட்டம் எட்டாம் வகுப்போடு கைகழுவிவிடும். உள்ளூர் நடுநிலைப் பள்ளியும் பல ஊர்களில் அதோடு முடிந்துவிடும். ஒன்பதாவதுக்கு நாலைந்து கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் பாஸ் இருக்கிறது, பஸ் வர வேண்டுமே! ஸ்பெஷல் கிளாஸ் விட்டு வெளியே வருவதற்குள் டவுன் பஸ் போயிருக்கும். இருட்டில் சோளக்காட்டு ஓரமாக மகள் நடந்து வருவதை நினைத்தால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு கலங்காது?

இந்த இடத்தில் பீகாரைக் கொஞ்சம் பார்க்கலாம். 2006இல் அங்கே ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்களுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளியலாளர்கள் ஆராய்ந்ததில், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியிருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து ஓட்டிப்போனதால் பயமும் குறைந்தது. சைக்கிளை அவர்களுக்கு முன்பே, 2001இலேயே கொடுக்கத் தொடங்கியவர்கள் நாம். ஆனால் நாம் கொடுப்பது பதினொன்றாம் வகுப்பில். தூரத்துக்குப் பயந்து எட்டாவதோடு நின்ற பெண்ணுக்கு அந்த சைக்கிளால் என்ன ஆகும்? புதிதாக எதுவும் வேண்டாம். இரண்டு வகுப்பு முன்னால் கொடுத்தால் போதும்.

எட்டாவதுக்கும் கல்லூரிக்கும் இடையிலான நான்கு ஆண்டுகளுக்கு உதவுகிற பணம் ஒன்றும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் எழுதுகிற என்.எம்.எம்.எஸ். என்ற படிப்பு உதவித்தொகைத் தேர்வு. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். வீட்டு ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. அக்கறையுள்ள தலைமையாசிரியர் இருக்கிற பள்ளியில் கொத்தாகத் தேறுகிறார்கள். மற்ற பள்ளிகளில் அப்படி ஒன்று இருப்பதே பெற்றோருக்குத் தெரிவதில்லை. தேறிய பிறகும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆதாரில் இனிஷியல் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் வேறு மாதிரி என்றால் பணம் நின்றுவிடும். எட்டாவது படிக்கிற மகள் இருந்தால் அந்த இரண்டையும் இப்போதே எடுத்து ஒத்துப் பாருங்கள்.

கடைசியாக இரண்டு தொலைபேசி எண்கள். பதினெட்டு ஆகாத பெண்ணுக்குக் கல்யாண நாள் குறித்தது தெரிந்தால் 1098க்குக் கூப்பிடலாம். பள்ளிக்கூடம் நின்ற பிள்ளையை மறுபடி சேர்ப்பது பற்றிக் கேட்க 14417. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.